1970களின் இத்தாலிய க்ரைம் படங்களை இன்னும் ஏன் தேடிப் பார்க்கிறோம்?

கேள்வி: சின்ன பட்ஜெட்டில், ரத்தமும் துப்பாக்கியுமாக எடுத்த பழைய க்ரைம் த்ரில்லர்களுக்கு இன்றும் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்?

அந்த ரசிகர்களில் நானும் ஒருத்தன். அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங் என்று பல இடங்களில் இந்த மாதிரிப் படங்கள் வந்திருக்கின்றன. எனக்கு நன்றாகப் பழக்கமானவை 1970களில் இத்தாலியில் வந்த போலீஸ், ரவுடி படங்கள். அதனால் அவற்றை வைத்தே சொல்கிறேன். படம் மோசமாக இருக்கிறது என்று சிரிப்பதற்காகவே பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் படங்களில் நல்லது என்று நான் நினைப்பவை நிஜமாகவே நல்லவை. அவற்றில் பாதி, கையில் காசு இல்லாததாலேயே வாய்த்தவை.

ஃபெர்னாண்டோ டி லியோ 1972இல் எடுத்த ‘மிலானோ காலிப்ரோ 9’ படத்தின் முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். மிலான் நகரத்துக் குளிர்காலம். டுவோமோ என்கிற பேராலயத்தின் சதுக்கத்தில் ஒரு பொட்டலம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொரு கைக்கு. வசனம் அதிகம் இல்லை. கடைசியில் பிரித்தால் உள்ளே டாலருக்குப் பதில் வெற்றுக் காகிதம். அப்புறம் அதைச் சுமந்தவர்களை ரவுடிக் கும்பல் ஆட்கள் ஒவ்வொருவராகப் பிடித்து அடிக்கிறார்கள். கடைசியில் ஒரு குகைக்குள் கட்டிப்போட்டு வெடி வைக்கிறார்கள். இவ்வளவும் டைட்டில் முடிவதற்குள் நடந்துவிடுகிறது. அதன் அடியில் ஓடுகிற இசை லூயிஸ் பக்கலோவுடையது. நேப்பிள்ஸைச் சேர்ந்த ஒசான்னா என்ற ராக் குழு அவரோடு சேர்ந்து வாசித்தது. இதே பக்கலோவ்தான் பின்னாளில் ‘இல் போஸ்தினோ’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். செலவு குறைவான படம் என்றால் இசையும் ஏனோதானோ என்று இருக்கும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும்.

இந்தப் படங்கள் எந்தச் சூழலில் வந்தன என்று தெரிந்தால் வேறு மாதிரி தெரியும். 1969 டிசம்பர் 12 அன்று மிலானில் ஃபொன்தானா சதுக்கத்து வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தாலிக்கு நிம்மதி இல்லை. தீவிர இடதுசாரிகள் ஒரு பக்கம், தீவிர வலதுசாரிகள் ஒரு பக்கம், நடுவில் மாஃபியா, வங்கிக் கொள்ளை, பணத்துக்காக ஆள் கடத்தல். 1973இல் எண்ணெய்ப் பணக்காரர் கெட்டியின் பேரனை ரோமில் கடத்தி, அவன் காதை அறுத்துத் தபாலில் அனுப்பியது உலகச் செய்தி. 1978இல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவையே கடத்திக் கொன்றார்கள். காலையில் பேப்பரில் படித்து பயந்ததை மக்கள் இரவில் தியேட்டரில் பார்த்தார்கள். ‘டர்ட்டி ஹாரி’, ‘ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ என்ற இரண்டு அமெரிக்க போலீஸ் படங்களும் 1971இல் வந்து வழிகாட்டியது உண்மைதான். ஆனால் படத்தை ஓட்டியது உள்ளூர் பயம்.

இப்போது தயாரிப்பு விஷயம். நம்மூரில் ஏ, பி, சி சென்டர் என்று பிரிப்பது போலவே அங்கும் தியேட்டர்கள் முதல், இரண்டாம், மூன்றாம் சுற்று என்று பிரிந்திருந்தன. 70களின் முதல் பாதியில் இத்தாலியில் ஆண்டுக்கு 50 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. அத்தனை தியேட்டர்களுக்கும் வாராவாரம் ஏதாவது ஓட்ட வேண்டும். அதனால் சீக்கிரம் எடு, குறைந்த செலவில் எடு, போன மாதம் ஓடியது மாதிரியே எடு என்பதுதான் தொழில் விதி. ஒரு படத்தில் காரை நொறுக்கிய ஷாட்டை இன்னொரு படத்திலும் வெட்டி ஒட்டுவது சாதாரணம்.

படப்பிடிப்பில் குரலைப் பதிவு செய்வதே இல்லை, எல்லாம் பிறகு டப்பிங்தான். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினாலும் வேலை நடக்கும். சத்தம் பற்றிய கவலை இல்லாததால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவிலும் இறங்கலாம், இறங்கவும் செய்தார்கள். ரூஜெரோ தெயோதாத்தோ 1976இல் எடுத்த ஒரு போலீஸ் படம் ரோம் நகரத்தில் நீண்ட மோட்டார் சைக்கிள் சேஸிங்கோடு ஆரம்பிக்கும். அனுமதி வாங்காமல், ஓடுகிற போக்குவரத்துக்கு நடுவிலேயே எடுத்தது. துரத்துகிற பைக்கில் இருப்பவர்கள் அந்தப் படத்தின் நாயகர்களே. நடைபாதையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள், துணை நடிகர்களிடம் அந்த அதிர்ச்சி வராது. இது ஆபத்தான வேலை, யாராவது அடிபட்டிருக்கலாம். இன்று யாரும் இப்படி எடுக்கக் கூடாது என்றே சொல்வேன். ஆனால் 1976இன் ரோம் தெரு, அதன் கடைப் பலகைகள், நிறுத்தி வைத்த குட்டி ஃபியட் கார்கள் எல்லாம் அப்படியே பதிவாகியிருக்கின்றன. செட் போடக் காசிருந்தால் இது கிடைத்திருக்காது.

நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போலீஸ் என்றால் மவுரீட்சியோ மெர்லி: பொன்னிற மீசை, பேசுவதற்கு முன் அறைகிற கை. எதிரில் தாமஸ் மிலியன். கியூபாவில் பிறந்தவர், அமெரிக்காவில் நடிப்புப் படித்தவர். உம்பெர்த்தோ லென்சி 1976இல் எடுத்த ‘ரோமா ஆ மானோ அர்மாத்தா’வில் கூனன் வேடத்தில் மிலியன் வந்ததும் படமே அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இதே லென்சியின் படத்தில் பணக்காரர் மகளைக் கடத்தும் சில்லறைத் திருடனாக மிலியன் நடித்திருப்பார். கோழையும் கொலைகாரனும் ஒரே ஆளுக்குள் இருப்பதை அவ்வளவு அருவருப்பாக, அவ்வளவு நம்பும்படி காட்டியவர்கள் குறைவு. இசை என்னியோ மோரிக்கோனே.

சரி, குறைகள். பெண்களை இந்தப் படங்கள் நடத்தும் விதம் பல இடங்களில் தாங்க முடியாது. கதைக்குத் தேவையே இல்லாத பாலியல் வன்முறையை டிக்கெட்டுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லி நான் அதைத் தாண்டிப் போகத் தயாரில்லை. சட்டம் கையைக் கட்டுகிறது, நானே சுடுகிறேன் என்கிற போலீஸைக் கொண்டாடுவதால் இவை பாசிசப் படங்கள் என்று அன்றைய விமர்சகர்கள் எழுதினார்கள். சிலவற்றுக்கு அது பொருந்தும். டி லியோவுக்குப் பொருந்தாது. ‘மிலானோ காலிப்ரோ 9’இல் இரண்டு போலீஸ் அதிகாரிகள் ஒரு அறையில் நின்று வாதாடிக்கொண்டே இருப்பார்கள். ஏழைத் திருடனைத் துரத்துகிறோம், பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தும் முதலாளியை ஏன் தொடுவதில்லை என்று ஒருவர் கேட்பார். கதையின் வேகத்தை அது குறைக்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சிகள் மிகவும் பிடிக்கும்.

1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் தனியார் உள்ளூர் டிவிக்கு வழி திறந்தது. வீட்டிலேயே படம் ஓட ஆரம்பித்ததும் தியேட்டர் கூட்டம் சரிந்தது. 1980இல் டிக்கெட் விற்பனை பாதிக்கும் கீழே. இந்தப் படங்களின் காலமும் அதோடு முடிந்தது. ஆனால் அடுத்த தலைமுறை இவற்றைப் பார்த்ததும் டிவியிலும் வீடியோ கேசட்டிலும்தான். 1994 முதல் ‘நொக்துர்னோ’ போன்ற இத்தாலியப் பத்திரிகைகள் மறந்துபோன இயக்குநர்களைத் தேடிப் பேட்டி எடுத்தன. 2004 வெனிஸ் திரைப்பட விழாவில் இத்தாலியின் பி கிரேடு படங்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள், ஹாலிவுட் இயக்குநர்கள் குவென்டின் டாரன்டினோவும் ஜோ டான்டேயும் முன்னின்று நடத்தினார்கள். டாரன்டினோவின் ‘டெத் ப்ரூஃப்’ பார்த்தவர்கள் ஃப்ராங்கோ மிக்கலிட்ஸியின் இசையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அது 1976இன் மெர்லி படம் ஒன்றிலிருந்து எடுத்தது. மெர்லி இதையெல்லாம் பார்க்கவில்லை, 1989இல் 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். டி லியோ 2003இல் இறந்தார், அந்த வெனிஸ் விழாவுக்கு முந்தைய ஆண்டு. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எதில் தொடங்கலாம் என்றால் ‘மிலானோ காலிப்ரோ 9’தான். (முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த பத்தியை விட்டுவிடுங்கள்.)

படம் முழுக்க நாயகன் ஊகோவை அடித்து உதைத்து அவமானப்படுத்துகிற ரோக்கோ என்ற ரவுடி இருக்கிறான், மாரியோ அடார்ஃப் நடித்தது. கடைசியில் ஊகோவை முதுகில் சுட்டவனை அதே ரோக்கோதான் பிடித்துத் தலையை மோதி மோதி அடிக்கிறான். ஊகோ மாதிரி ஆளைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று கத்திக்கொண்டே அடிக்கிறான். பட்ஜெட் எவ்வளவு என்று அந்த இடத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

பார்க்கும்போது ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்து இத்தாலிய ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். மிலியனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் ஃபெருச்சோ அமெந்தோலா. ஹாலிவுட் நடிகர்கள் டி நீரோவுக்கும் அல் பசினோவுக்கும் இத்தாலியில் பல ஆண்டுகள் அவர்தான் குரல் கொடுத்தார். ஆங்கிலத்தில் அது போய்விடுகிறது. பழைய மங்கிய பிரதிகளும் வேண்டாம், மிலான் பனிமூட்டத்தின் சாம்பல் நிறம் மீட்டெடுத்த பிரதிகளில்தான் ஒழுங்காகத் தெரிகிறது.