சிக்னலில் ஆஃப் ஆகும் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் வேகம்) நிலையாக இல்லை. சூடான பெட்ரோல் இன்ஜின், ஏசி போடாமல், சுமார் 700 முதல் 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நிற்க வேண்டும். மீட்டர் இல்லாத வண்டிக்காரர்கள் ஒரு ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி) வாங்கி, போனில் பார்த்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டு எழுதுகிற ஆர்பிஎம் எனக்கு உதவாது.

பழைய ஆல்டோ. ஏசி போட்டவுடன் உதறி ஆஃப் ஆகிறது. ஏசி கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பலாமா?

வேண்டாம். கேஸ் அதிகமானால் கம்ப்ரஸர் இன்னும் கனமாகி, இன்ஜினை மேலும் அமுக்கும். ஏசி சுமை ஏறியதும் ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் காற்றுக்கு வழிவிட வேண்டும். அந்த வழியில் கரி அடைத்திருக்கும். ஏர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். த்ராட்டில் பாடிக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடுதான் பட்டர்ஃபிளை; அதன் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரியும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஐட்லிங் காற்றை அளந்துவிடும் ஐஏசி வால்வையும் சுத்தம் செய்யுங்கள். சாவியைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

என் கார் ஸ்லோவில் நிற்பதில்லை. என்ன செய்வது?

எந்தக் கார்? பெட்ரோலா, டீசலா? எந்த வருடம்? காலையிலா, சூடான பிறகா? டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா?

ஐட்லிங் குறைவு என்று போனேன். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டார்கள். பத்து நாள் ஜோராக ஓடியது. இப்போது ஒரு சமயம் 1500-ல் இரைகிறது, ஒரு சமயம் ஆஃப் ஆகிறது.

இதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கார்பரேட்டர் வண்டியில் ஸ்லோ ஸ்க்ரூ (ஐட்லிங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) திருகப் பழகிய கை, இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியிலும் முதலில் அங்கேதான் போகிறது. அது ஸ்லோ ஸ்க்ரூவே அல்ல. பட்டர்ஃபிளை முழுதாக மூடிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்த ஸ்டாப் ஸ்க்ரூ. கம்பெனியிலேயே அளவு வைத்து அனுப்புவார்கள்; பல வண்டிகளில் பெயிண்ட் பொட்டும் இருக்கும். பொட்டு உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திருகினால் என்ன ஆகும்? பட்டர்ஃபிளை கொஞ்சம் திறந்தே நிற்கும். ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கிறது என்று டிபிஎஸ் (பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் சென்சார்) சொல்லும். ஈசியு ஐட்லிங் கணக்கையே விட்டுவிடும். போன மாதம் ஒரு வண்டி வந்தது. மூன்று பட்டறை ஏறி இறங்கி, சென்சார் மாற்றி, பிளக் மாற்றிச் சுமார் எட்டாயிரம் செலவு. பானட்டைத் திறந்து ஸ்க்ரூவைப் பார்த்தேன்: தலை தேய்ந்து, பொட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கரியைத் துடைத்ததும் 800-ல் நின்றது. உங்கள் வண்டிக்கும் அதே வைத்தியம்தான். ஸ்கேனரில் டிபிஎஸ் அளவைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவை இறக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே" என்று நீங்களும் இனிமேல் கேட்காதீர்கள்.

புது பேட்டரி போட்டதிலிருந்து ஐட்லிங் இறங்கிவிட்டது. பேட்டரி கோளாறா?

இல்லை. கரி சேரச் சேர ஈசியு தானாகவே காற்றைக் கூட்டிச் சமாளித்துவந்தது. பேட்டரியைக் கழற்றியதும் அந்தக் கணக்கு பல வண்டிகளில் அழிந்துவிடும். கரி மட்டும் அப்படியே இருக்கிறது. துடையுங்கள். பிறகு ஏசி இல்லாமல் பத்து நிமிடம், ஏசியோடு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சில மாடல்களுக்கு ஸ்கேனர் வேண்டும். துடைக்கும்போது சாவி ஆனில் இருந்தால் பட்டர்ஃபிளை விரலைக் கடித்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், சாவியைக் கழற்றுங்கள்.

சிஎன்ஜியில் மட்டும் ஐட்லிங் இறங்குகிறது.

டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்து) பாருங்கள். காஸில் வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி இறுகும். அது சரியாக இருந்தால் பிளக், காஸ் ஃபில்டர்.

கார்பரேட்டர் மாருதி 800. சோக் இழுத்தால்தான் நிற்கிறது.

ஸ்லோ ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. ஜெட்டைக் கழற்றிக் காற்றடியுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதானால் புது ஜெட்தான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைத் தாராளமாகத் திருகலாம். இது அதற்கான வண்டி.

ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது. ஆர்பிஎம் 500 காட்டுகிறது.

முதலில் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தால் ஐட்லிங்கை 800-க்குக் கொண்டுவாருங்கள், ஐட்லிங் குறைந்தால் பம்ப் பிரஷரும் குறையும். அதற்குப் பிறகும் மினுக்கினால் கேஜ் வைத்துப் பிரஷர் அளக்க வேண்டும். அதற்காகப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.