மலை வீட்டுச் சீரமைப்பு: எந்த வேலை எந்த மாதத்தில்?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள பழைய வீடுகளைச் செப்பனிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், கட்டட வல்லுநர்களின் பதில்களும்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கூரை பல இடத்தில் ஒழுகுகிறது, சமையலறைச் சுவரில் விரிசல். அண்ணன் தம்பி மூவரும் பணம் போட்டுச் செய்யப்போகிறோம். ஆகஸ்டில் கூரையைப் பிரித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா? (கோத்தகிரி வாசகர்)

ஆகஸ்டில் கூரையைத் தொடவிடாதீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஓட்டை இறக்கிய பிறகுதான் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் உளுத்துப்போனது கண்ணில் படும். அதற்கு மரம் அறுத்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவருவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டால் லாரி வராது. 2009 நவம்பர் மண்சரிவை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்குக் கூரை வேலைக்கான காலம் ஜனவரி முதல் ஏப்ரல் முற்பாதி வரை. அந்தத் தேதியை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்த மழைக்காலம் வீட்டைச் சோதிக்கக் கிடைத்த காலம். அறை அறையாக அளந்து ஒரு வரைபடம் போட்டு, மழை பெய்யும்போது எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் எத்தனை அடி உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது என்று அதில் தேதியோடு குறியுங்கள். ஓட்டு வீட்டில் ஒழுக்கு பெரும்பாலும் நடுச் சரிவில் இருக்காது. இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத் தகடு, புகைக்கூண்டு கூரையைத் துளைக்கும் இடம், முகட்டு ஓட்டின் காரை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். மழை முடியும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அஸ்திவாரமோ, வீட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரோ நகர்கிறது என்று பொருள். அப்படியானால் கூரைக்கு வைத்த பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

நவம்பருக்குள் ஓட்டுக்கும் மரத்துக்கும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கணக்கு இப்படி: கூரையின் தரைப்பரப்பு, சுவருக்கு வெளியே நீளும் பகுதியையும் சேர்த்து, 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி சரிவென்றால் கூரைப் பரப்பு சுமார் 1,155 சதுர அடி, அதாவது 107 சதுர மீட்டர். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 வீதம் 1,600 ஓடு பிடிக்கும். நாலில் ஒரு பங்கு உடைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 400. ஏற்றி இறக்குவதில் உடைவதற்கு இன்னும் 50.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மங்களூர் ஓடு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒரு தொழிற்சாலையின் ஓட்டு வரம்பு இன்னொன்றின் ஓட்டில் உட்காராது. பழைய ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஒரு ஓட்டைக் கையோடு கொண்டுபோய், வாங்கும் ஓட்டில் கோத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பொருந்தாவிட்டாலும் வழி இருக்கிறது: நல்ல பழைய ஓடுகளையெல்லாம் வாசல் பக்கச் சரிவில் சேர்த்துவிட்டு, பின்பக்கச் சரிவு முழுவதற்கும் புது ஓடு போடுங்கள். ஒரே சரிவில் இரண்டையும் கலந்தால் காற்றோடு அடிக்கும் மழையில் ஒவ்வொரு இணைப்பும் ஒழுகும்.

ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களின் இடைவெளியை மேஸ்திரி வாய்க்கணக்கில் சொல்வதை ஏற்காதீர்கள். தரையில் பத்து ஓட்டை வரிசையாகக் கோத்து, முதல் ஓட்டின் மேல் விளிம்பிலிருந்து பத்தாவது ஓட்டின் மேல் விளிம்பு வரை, நெருக்கி ஒரு முறை, இழுத்து ஒரு முறை அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுத்து ஒன்பதால் வகுங்கள். அதுதான் உங்கள் ஓட்டுக்கான இடைவெளி. ஓட்டை இறக்கும்போதும் ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி செய்யக் கூடாது. ஒரு ஓடு இரண்டரைக் கிலோ என்றாலே கூரைமேல் 4 டன் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கப் பாரத்தை மட்டும் எடுத்தால் கைமரங்கள் மறுபக்கம் தள்ளும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் திரும்ப மூடவோ தார்ப்பாய் கட்டவோ முடிகிற அளவுக்கு மட்டும் பிரியுங்கள். ஜனவரியிலும் மலையில் ஒரு மழை வந்துவிடும்.

அதன் பிறகு வரிசை சுலபம்: தண்ணீர் வெளியேறும் வழி, தாங்கும் மரமும் சுவரும், வயரிங்கும் குழாயும், பூச்சு, தரை, கடைசியில் வண்ணம். மூன்று பேர் பணம் போடுவதால் ஒன்று: முடிவெடுப்பவர் ஒருவர் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். காலையில் அண்ணன் சொன்ன ஜன்னலை மாலையில் தம்பி மாற்றினால் ஆசாரிக்கு இரண்டு கூலி.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார் காண்டிராக்டர். ஒப்புக்கொள்ளலாமா? (குன்னூர் வாசகி)

வேண்டாம். சதுர அடிக் கணக்கு புதுக் கட்டடத்துக்குப் பொருந்தும். பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்த விலை சொல்பவர், ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பார், அல்லது பாதியில் தகராறு செய்வார். வேலைவாரியாக விலை கேளுங்கள்: ரீப்பர் மாற்ற நீள அடிக்கு எவ்வளவு, பூச்சை உடைத்துப் பூசச் சதுர அடிக்கு எவ்வளவு, கைமரம் கன அடிக்கு எவ்வளவு. அளவு கூடினாலும் விலை தெரிந்திருக்கும். ஓரிரு இடத்தில் பூச்சையும் தரைப்பலகையையும் திறந்து பார்த்துவிட்டு விலை வாங்கினால் இன்னும் நல்லது. அதற்கு ஆகும் இரண்டு நாள் கூலி வீண் செலவே இல்லை.

முன்பணம் பத்து சதவீதம் போதும். மீதியை வாரந்தோறும் அளந்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவையுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் மனக்கசப்பு வராது. சாமானை வீட்டு வாசலில் இறக்குவதா, லாரி நிற்கும் சாலையில் இறக்குவதா என்பதையும் எழுதுங்கள். படிக்கட்டுப் பாதையில் தலைச்சுமையாக மணல் இறக்கும் கூலி, மணல் விலையையே எட்டிவிடும் வீடுகள் குன்னூரில் உண்டு. மொத்தச் செலவில் 20 சதவீதத்தை எதிலும் சேர்க்காமல் தனியே வையுங்கள். தரையும் சுவரும் முழுதாகத் திறந்து பார்க்கும்வரை அதிலிருந்து டைல்ஸோ குளியலறைச் சாமானோ வாங்கக் கூடாது.

கல் சுவர் வீடு. உள்பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. இரண்டு தடவை உடைத்துப் பூசியும் அதே கதை. வாட்டர்புரூஃப் கலந்து பூசச் சொல்கிறார்கள். (கொடைக்கானல் வாசகர்)

மூன்றாவது தடவையும் உதிரும், இந்த முறை இன்னும் ஓரடி மேலே. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் காலத்தில் வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வெளியேற்றத்தை அடைக்கிறது. ஈரம் வழி தேடி மேலே ஏறுகிறது. அது உலரும் இடத்தில் உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. வாட்டர்புரூஃப் அடைப்பை இறுக்குமே தவிர ஈரத்தைக் குறைக்காது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். மேட்டுப் பக்க மண் உள்தரைக்கு மேலே ஏறியிருக்கும். அதை உள்தரைக்கு அரையடி கீழே வரும்படி வெட்டி இறக்குங்கள். சுவரை ஒட்டி ஓரடி அகல வாய்க்கால் எடுத்து, நூறு அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, துளையிட்ட குழாய் பதித்து, ஜல்லி நிரப்புங்கள். பழைய அஸ்திவாரங்கள் ஆழம் குறைந்தவை. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. ஒரே மூச்சில் முழு நீளமும் திறக்காமல் ஆறு ஆறு அடியாகத் தோண்டி மூடுங்கள்.

பிறகு சிமெண்ட் பூச்சை, ஈரம் தெரியும் இடத்துக்கு மேல் ஓரடி சேர்த்து, முழுக்க எடுத்துவிட்டு ஒரு வெயில் காலம் சுவரைச் சும்மா விடுங்கள். வீட்டில் யாருக்கும் இது பிடிக்காது, ஆனால் இதைத் தாண்டிச் செல்ல வழியில்லை. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும்.

பூச்சு ஒன்றுக்கு மூன்று: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. 100 சதுர அடியில் 20 மி.மீ. கனம் பூச மணல் 7 முதல் 8 கன அடி, சுண்ணாம்பு இரண்டரைக் கன அடி வேண்டும். சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, தண்ணீருக்கு அடியில் குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். நீறாத துகள் தங்கிவிட்டால் பூசிய பிறகு சுவரில் பொரிந்து குழி விழும். ஆகவே பூச்சுக்குத் தேதி குறிக்கும்போதே சுண்ணாம்புக் குழிக்கும் தேதி குறித்துவிட வேண்டும். ஒரு கை (ஒரு தடவைப் பூச்சு) 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அடுத்த கைக்கு ஒரு வாரம் இடைவெளி. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிடுங்கள். உறைபனி விழும் இரவுகளில் சுண்ணாம்பு வேலை வேண்டாம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள். முடிந்த சுவருக்கு வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் பூசினால் செலவழித்ததெல்லாம் போச்சு.

மரத்தரை நடந்தால் அசைகிறது. முழுவதையும் எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாமா? (ஊட்டி வாசகி)

பலகையைக் குறை சொல்லும் முன், வெளிச்சுவரின் அடியில் கம்பி வலை போட்ட சிறு துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தரைக்கு அடியில் காற்றோட வைத்தவை அவை. சிமெண்ட் நடைபாதை போடும்போது மூடப்பட்டிருக்கும். காற்று நின்றால் பலகையைத் தாங்கும் சட்டங்களின் முனை, சுவருக்குள் செருகிய இடத்தில், அழுகும். நான்கு மூலையிலும் பலகையைக் கழற்றி, சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கை அழுத்தத்துக்கே இறங்கினால் அழுகல். அழுகியதோடு ஓரடி நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்துவிட்டு, அதே உயரமுள்ள புதுச் சட்டத்தைப் பக்கவாட்டில் இணைத்து போல்ட் முடுக்கலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். அருகில் மலிவாகக் கிடைக்கிறதென்று தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கை இந்த இடத்துக்குப் போடாதீர்கள். அடைபட்ட துளைகளைத் திறக்காமல் எந்த மரம் போட்டாலும் பணம் வீண்தான். டைல்ஸ் போட அடியில் மண் நிரப்பினால் அந்த ஈரம் சுவரில் ஏறும். முந்தைய பதிலில் உள்ள தொல்லை உங்களுக்கும் வந்து சேரும்.

சொந்த வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டுமா? (கோத்தகிரி வாசகர்)

ஓடு மாற்றுவது, பூசுவது வேறு. சுவர் இடிப்பது, அறை கூட்டுவது, கூரையை உயர்த்துவது வேறு. இரண்டாவதற்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், மலைப்பகுதிக்கான கூடுதல் விதிகளும் சேரும். எது எந்த வகை என்பதை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரைமேல் சாயும் மரத்தை உங்கள் நிலத்தில் இருந்தாலும் வெட்டிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நீலகிரியில் பொக்லைன் இறக்கவும் அனுமதி தேவை. இவற்றுக்கு ஆகும் மாதங்களை அட்டவணையின் தலைப்பிலேயே போடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தும் அதற்கு முன்பே.

கணப்பு அடுப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. புகைக்கூண்டை மேலே சிமெண்ட் போட்டு மூடிவிடலாமா? (கொடைக்கானல் வாசகி)

மழை மட்டும் நுழையாதபடி மேலே கல் பலகையோ தகர மூடியோ தூக்கி வையுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும், பறவை நுழையாமல் கம்பி வலை கட்டுங்கள். கீழே அடுப்பு வாயை அடைத்தால் அதில் ஒரு சாண் அளவுக்குக் காற்றுத் துளை விடுங்கள். இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி, பழைய புகைக்கரியோடு சேர்ந்து படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கறையாக இறங்கும்.