தலைச்சன் பசு கன்னை உதைக்குதா? சீம்பாலை கறந்து குடுங்க

அண்ணே, பசு ஏத்துக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே சீம்பாலை கறந்து பாட்டில்ல குடுத்துருங்க. பொறந்த 6 மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், 20 கிலோ கன்னுக்கு 2 லிட்டர், ரெண்டு மூணு தடவையா.

விடியக்காலம் போட்ட தலைச்சன், கன்னை நக்குது, மடிக்கு போனா மட்டும் உதைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நக்குதுன்னா கன்னு மேல வெறுப்பில்ல, மடி வலிக்குதுன்னுதான் தோணுது. முதல் ஈத்துல மடி கல்லு மாதிரி வீங்கி நிக்கும், பாவம்.

ஒவ்வொரு காம்புலயும் ரெண்டு பீச்சு கறுப்பு துணில விட்டுப் பாருங்க. சீம்பால் மஞ்சளா கெட்டியாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஆனா திரிதிரியாவோ ரத்தமாவோ வந்து அந்தப் பக்கம் மட்டும் சூடா இருந்தா மடிநோய், டாக்டரை கூப்பிடணும், நம்ம பர்மால பெகு பக்கம் மழைல தொழுவம் சேறா கிடக்கிறப்ப இது சட்டுன்னு வரும்.

பால் நல்லாருந்தா வெந்நி ஒத்தடம் குடுத்து கொஞ்சம் கறந்து மடியை தளர்த்திட்டு, முன்னாடி தவிடு வச்சு, ஒருத்தர் வாலை அடியில பிடிச்சு மேல தூக்கிக்கிட்டா உதைக்கிறது குறையும், முறுக்காதீங்க, அப்ப கன்னை ஊட்ட விடுங்க.

உதை நிக்கிற வரைக்கும் ராத்திரில ரெண்டையும் ஒண்ணா அவுத்து விட்டுராதீங்க.