புகைச் சோதனையில் தவறிய பழைய எக்ஸ்.எல். மொபெட்: எஞ்சின் போர் மாற்ற முன் பார்க்க வேண்டியவை

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் எடுத்து, ஒட்டுசுட்டான் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். அவருடைய பழைய டிவிஎஸ் எக்ஸ்.எல். சுப்பர் இந்த முறை புகைச் சோதனையில் தவறிவிட்டது. ரிப்போட்டில் எச்.சி. கூட, சி.ஓ. சரி. கராஜில் போரும் பிஸ்டனும் மாற்றச் சொல்கிறார்கள். லண்டனில் இருக்கிற அண்ணா, 'இந்த வயசு மொபெட் இங்கே சோதனையில் தேறாது, வித்துவிடு' என்கிறார். எதைச் செய்வது?"

விற்க வேண்டாம். போரிலும், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரிலும், இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். அந்த ரிப்போட்டிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

சி.ஓ. (காபன் மொனொக்சைட்டு) என்பது காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த பெற்றோலின் அடையாளம். எயார் ஃபில்டர் அடைத்தாலோ, சோக் முழுதாகத் திறக்காவிட்டாலோ, காபரேட்டர் அளவுக்கு மேல் பெற்றோல் விட்டாலோ அது ஏறும். எச்.சி. (ஐதரோகாபன்) வேறு. அது எரியாமலே வெளியே போன பெற்றோலும் ஒயிலும். உங்கள் ரிப்போட்டில் சி.ஓ. சரியாக இருப்பதால் பெற்றோல் கூடிப்போனது காரணமாக இருக்கச் சாத்தியம் குறைவு. தீப்பொறி, ஒயில், காற்றுக் கசிவு, இந்த மூன்றில்தான் முதலில் தேட வேண்டும்.

எக்ஸ்.எல். சுப்பரில் இருப்பது பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு எச்.சி. பிறவிக் குறை. புதுக் கலவை உள்ளே வரும்போது எரிந்த புகை போகும் வழியும் திறந்தே இருப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் போய்விடும். மோட்டார் சைக்கிளைச் சோதிப்பதோ சும்மா நின்று ஓடும் வேகத்தில். அந்த நிலையில்தான் இந்த எஞ்சின் அடிக்கடி ஒரு சுற்று எரியாமல் விட்டுவிடும். அதனால் பழைய ஹொண்டா சாலி, எம்.டி. 90 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் வயது கூடியிருந்தும் எச்.சி. விடயத்தில் எக்ஸ்.எல். சுப்பரை விட இலகுவாகத் தேறும்.

தீப்பொறி தரும் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். கழற்றிப் பார்க்கும்போது மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் துடைத்துப் பூட்டாமல் புதிதே போடுங்கள். அடுத்தது ஒயில். லீற்றருக்கு 20 மில்லி என்றால் 2 வீதம். உங்கள் வண்டிக்குக் கம்பனி சொன்ன அளவைக் கையேட்டில் பார்த்து, அளந்தே ஊற்றுங்கள். போத்தல் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் கூடத்தான் ஊற்றுகிறார்கள். ஒயில் டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அவை புகை குறைந்த தரங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நாங்கள். அந்த நாளில் வேறு வழி இருக்கவில்லை. இப்போது ஒரு துளியும் கலக்க வேண்டாம், அது சரியாக ஆவியாகாமல் எச்.சி.யைத்தான் ஏற்றும். போத்தலில் நெடுநாள் வைத்திருந்த பெற்றோலும் வேண்டாம்.

பிறகு சைலன்சர். ஒயில் கரி பிடித்து உள்குழாய் ஒடுங்கியிருக்கும், கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். கிரவல் வீதிப் புழுதிக்கு எயார் ஃபில்டரையும் கழுவத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் நின்று ஓடும்போது எஞ்சின் ஒரே சீராக நிற்காமல் வேகம் தானாக ஏறி இறங்கினால், கிராங்க் ஒயில் சீல் மேல் சந்தேகப்படுங்கள். ரப்பர் சீல் வயதோடு இறுகி, காற்றை உள்ளே விடும். சீலின் விலை சின்னது, எஞ்சினைப் பிரிக்கும் கூலிதான் செலவு. பிரித்த அன்றே பிஸ்டன், ரிங் தேய்மானத்தை அளந்து பார்க்கலாம். போர் மாற்றும் பேச்சு அங்கேதான் வர வேண்டும்.

ஒரு விடயத்தை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். சோதனையில் தேற வைப்பதற்காகக் காபரேட்டரில் பெற்றோலைக் குறைத்துத் தருகிறோம், ஒயில் இல்லாமல் ஒரு தடவை ஓடுங்கள் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். இந்த வண்டியில் ஒயில் பெற்றோலோடுதான் போகிறது. பெற்றோலைக் குறைத்தால் பிஸ்டனுக்குப் போகும் ஒயிலும் குறையும், சூடும் ஏறும். வீடு வரும் வழியிலேயே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடலாம். ஓட்டத்தில் சில்லு இறுகினால் அப்பா விழுவார்.

சோதனைக்குப் போகும்போது பதினைந்து நிமிடமாவது ஓடிப் போங்கள். வரிசையில் நின்று எஞ்சின் ஆறிவிட்டால், முறை வருவதற்கு முன் இன்னொரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள்.

சரி, அண்ணாவின் பேச்சுக்கு வருவோம். பிரித்தானியாவில் மூன்று வருடம் தாண்டிய மொபெட்டுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. சோதனை உண்டு. அங்கே பார்ப்பது பிரேக், ரயர், விளக்கு, ஹோர்ன், ஸ்டியரிங், சில்லுப் பேரிங், செயின். இரு சக்கர வண்டியின் சைலன்சருக்குள் புகை அளக்கும் கருவி வைப்பதில்லை. நாற்பது வருடம் தாண்டியவற்றில் பெரும்பாலானவைக்கு அந்தச் சோதனையே கட்டாயமில்லை. பிரான்சில் மொபெட்டுக்கும் சேர்த்து இப்படியான சோதனை 2024இல்தான் தொடங்கியது. ஜெர்மனியில் 50 சிசி மொபெட்டுக்கு அது கிடையாது. ஆக, வயசு காரணமாகத் தேறாது என்பது சரியில்லை.

நமது நாட்டில் நிலைமை தலைகீழ். தகுதிச் சான்றிதழ் பஸ், லொறி போன்றவற்றுக்குத்தான். தனியார் மோட்டார் சைக்கிளுக்கு வரிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் போதும், பிரேக்கைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை. எனக்குப் புகையை விட இதுதான் கவலை. அப்பா பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் மாங்குளம் வீதியில் போகிறவர். வீதியில் மாடு படுத்திருக்கும். ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டி, பின் சில்லுப் பக்கம் கேபிளும் ஸ்போக்கும் துருப்பிடிக்கும். கராஜில் விடும் அன்றே பிரேக் லைனிங், கேபிள், பின் ரயர், சில்லுப் பேரிங், முன் விளக்கு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பணம் மட்டுப்பட்டால் பிரேக்குக்கு முதலில் கொடுங்கள்.

கிராங்க் பேரிங்கே சத்தம் போடத் தொடங்கியிருந்தால் கணக்கு மாறும். அப்போது அந்தக் காசை ஃபோர்-ஸ்ட்ரோக்கான எக்ஸ்.எல். 100 ஒன்றுக்கு முற்பணமாக வைப்பது நல்லது. எதுவானாலும் வரிப்பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சோதனைக்குப் போங்கள். தவறினாலும் திருத்தி எடுக்க நாள் இருக்கும், அப்பாவின் தொழிலும் நிற்காது.