கட்டுரைகளை எண்ணினால் போதுமா?

கேள்வி: ஒரு ரேடியோ வானாய்வகம் ஆண்டுக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் தருகிறது என்பதை வைத்து அதன் மதிப்பைச் சொல்லலாமா? அந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: வானாய்வக நூலகம் ஒன்றில் பல ஆண்டுகள் இந்தக் கணக்கை எடுத்தவள் நான். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

நாசா நிதியில் இயங்கும் வானியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் தொலைநோக்கியின் பெயரைப் போட்டால் நீண்ட பட்டியல் வரும். அதை அப்படியே எண்ணிவிட முடியாது. அந்தத் தொலைநோக்கியின் தரவை உண்மையிலேயே பயன்படுத்தினார்களா, முன்னுரையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களா என்று ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து படிக்க வேண்டும். சிலர் நன்றியுரையில் மட்டும் சொல்வார்கள். சிலர் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில். ஒரே கட்டுரையில் நான்கு தொலைநோக்கிகளின் தரவு இருந்தால் நான்கு வானாய்வகங்களும் அதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வானாய்வகங்களின் எண்களை ஒப்பிட்டு எது பெரியது என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சரி, மேற்கோள்களை எண்ணலாமே என்பீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 27 டிஷ்கள் கொண்ட வி.எல்.ஏ. என்ற ரேடியோ தொலைநோக்கி, 1993 முதல் 1996 வரை வானத்தின் 82 சதவீதத்தை அளந்து கிட்டத்தட்ட 18 லட்சம் ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலைகள் வரும் இடங்களை, பட்டியலிட்டது. அந்தப் பட்டியலை விவரித்து 1998-இல் வந்த கட்டுரையில் பரபரப்பான கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன, ஏனென்றால் எல்லோருக்கும் அந்தப் பட்டியல் தேவைப்படுகிறது. இன்னொரு பக்கம், வானியலாளர் யான் ஹோக்போம் 1974-இல் எழுதிய 'கிளீன்' என்ற முறை. பல டிஷ்கள் சேர்ந்து எடுக்கும் படத்தில் வரும் பொய்ப் புள்ளிகளை நீக்குவதற்கானது. இன்று அது மென்பொருளுக்குள்ளேயே இருப்பதால் பயன்படுத்துகிற பலர் அவர் பெயரைச் சொல்வதுகூட இல்லை. அந்த உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி. அதன் 64 மீட்டர் டிஷ் 2001-இல் நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலங்களான மெகல்லானிய மேகங்களின் பக்கம் பல்சர்களை (சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன்களை) தேடியபோது, 5 மில்லிவினாடிக்கும் குறைவான ஒரு துடிப்பு பதிவானது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. பழைய பதிவுகளை மறுபடி அலசிய வானியலாளர் டங்கன் லோரிமரின் குழு 2007-இல் அதை வெளியிட்டது. அதிவேக ரேடியோ வெடிப்புகள் என்ற ஒரு துறையே அதிலிருந்து பிறந்தது. 2001-ஆம் ஆண்டின் கட்டுரை எண்ணிக்கையில் அதைத் தேடினால் கிடைக்காது. எங்கள் நூலகத்தில் பழைய தரவு நாடாக்களைக் கழித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது இதைச் சொல்லித்தான் வாதாடினேன். நாடாக்கள் தப்பின.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். இனி ஒரு வானாய்வகத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், அந்தத் தரவைத் தாங்களே எடுக்காத வெளியாட்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று தேடிப் பாருங்கள். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.