தெருவில் பலருக்கு ஓட்டு இல்லை: நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு நகரில் குடியிருக்கிறோம். பாதிக்கு மேல் வாடகை வீடுகள். பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு, ‘எனக்கு ஓட்டு இல்லையாம்’ என்று சொல்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பதினெட்டு முடிந்த காலேஜ் பிள்ளைகளில் பலர் இன்னும் பெயரே கொடுக்கவில்லை. நாங்கள் நான்கைந்து பெண்கள் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் படிவங்களை நிரப்பி வாங்கி, மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். இதற்கு அனுமதி வேண்டுமா? கட்சிக்காரர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. அக்கம்பக்கத்தவருக்கு விவரம் சொல்வதற்கும் படிவம் நிரப்ப உதவுவதற்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘மொத்தமாக’ என்பது வேண்டாம். ஒருவர் கட்டாகக் கொண்டுவரும் மனுக்களை வாக்காளர் பதிவு அலுவலர் ஏற்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களின் மனுக்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் நியமிக்கும் வாக்குச்சாவடி முகவர்களும் சாதாரண நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து படிவம் வரைதான் கொடுக்க முடியும். அதையும் தானே சரிபார்த்ததாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்த மனுக்கள் வழியாகப் போலிப் பெயர்கள் நுழைவதைத் தடுக்க வந்த கட்டுப்பாடு இது. அதனால் மனுதாரரே கையெழுத்துப் போட்டு, அவரே கொடுக்கட்டும், அல்லது தன் மொபைலில் அவரே பதியட்டும்.

அப்படியென்றால் உங்களுக்கு என்ன வேலை? யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அந்தப் பெயர் பட்டியலில் ஏறும் வரை கூடவே இருப்பதும்தான். படிவம் நிரப்பித் தருவதற்கு இ-சேவை மையத்தில்கூட ஆள் இருக்கிறார்கள். மனு கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலில் கையில் எடுக்க வேண்டியது படிவத்தை அல்ல, பட்டியலை. உங்கள் பகுதிக்குரிய பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பகுதியின் பட்டியலைத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அச்செடுத்து, ஒரு பேனாவோடு தெருவில் நடந்து பாருங்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கத்தில் இருப்பார்கள், மகன் பெயர் பத்துப் பக்கம் தள்ளி வேறொரு கதவு எண்ணில் இருக்கும். பழைய எண்ணும் புதிய எண்ணும் குழம்பிக் கிடக்கும். இருபது வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கு வெறும் கட்டட எண் மட்டும் இருக்கும், எந்த வீடு என்று இருக்காது. சரிபார்க்க வருகிறவர் கீழே காவலாளியிடம் பெயரைக் கேட்டு, ‘அப்படி யாரும் இல்லையே’ என்ற பதிலோடு திரும்பிப் போய்விடுவார். புதிதாகப் படிவம் நிரப்பும்போது பிளாக், மாடி, வீட்டு எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியால் தப்பிக்கிற பெயர்கள் நிறைய.

தெருவில் இறங்குவதற்கு முன் உங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரை, அதாவது பி.எல்.ஓ.வைப் போய்ப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். தன் அன்றாட வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர். யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம், ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலும் பார்க்கலாம். நாங்கள் இந்தத் தெருக்காரர்கள், ஆள் அடையாளம் காட்ட உதவுகிறோம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார். அதிகாரம் பண்ணுகிற தோரணை மட்டும் வேண்டாம்.

இனி, மிக அதிகமாகத் தப்பு நடக்கிற இடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘முகவரியில் இல்லை, இடம் மாறிவிட்டார்’ என்ற கணக்கில் வந்தவர்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவுக்குக் குடி மாறினாலே பழைய முகவரியில் அவர் ‘இல்லாதவர்’தானே.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வி இதுதான்: “இதுக்கு முன்னாடி எந்த ஊர்லயாவது ஓட்டு போட்டிருக்கீங்களா?” ஆம் என்றால், பழைய ஓட்டர் ஐடி எண்ணை வைத்து இணையத்தில் தேடிப் பாருங்கள். பெயர் இன்னும் மதுரையிலோ மன்னார்குடியிலோ இருந்தால், நிரப்ப வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாமே இப்போது அந்த ஒரே படிவம்தான். தொகுதி மாறினாலும் அதுவே, பழைய அட்டை எண்ணும் தொடரும். பெயர் எங்குமே இல்லை, நீக்கப்பட்டுவிட்டது, அல்லது முதல் முறை பதிகிறார் என்றால் மட்டும் படிவம் 6. ஊரில் பெயரை வைத்துக்கொண்டே இங்கே படிவம் 6 கொடுப்பவர்கள் ஏராளம். ‘வேறு எங்கும் என் பெயர் இல்லை’ என்று அதில் உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திட்டால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் உதவியை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

சிலர், “ஓட்டு ஊர்லயே இருக்கட்டும்மா” என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். சட்டம் பார்ப்பது வழக்கமாக ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதை. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. அதே சமயம் தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஊரில் வசிக்கும் தகுதி போய்விடாது. ஆறு மாத வேலைக்கு வந்தவரும் பத்து வருடமாக இங்கேயே குடும்பத்தோடு இருப்பவரும் ஒன்றல்ல. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து தங்கிவிட்ட தொழிலாளர் குடும்பங்களுக்கும் இதே விதிதான். விதியை விளக்குங்கள், முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வாடகைக்காரர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், வீட்டுக்காரர் ஒப்பந்தம் தரமாட்டார் என்பது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. ஆதார், பாஸ்போர்ட், இப்போதைய முகவரி உள்ள வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓராண்டாவது அந்த முகவரியில் இருக்கும் கேஸ், தண்ணீர், மின் கட்டண ரசீது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருந்தாலும் சரி. எதுவுமே இல்லாவிட்டால் நேரில் வந்து விசாரித்துச் சரிபார்ப்பார்கள். தெருவோரம் தூங்குகிறவருக்கும் ஓட்டு உண்டு. அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று பி.எல்.ஓ. இரவில் வந்து பார்க்க வேண்டும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது ஆணையத்தின் நடைமுறை. பாலத்தடியிலும் கோவில் வாசலிலும் இருப்பவர்களையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காகப் போய்ச் சொல்ல வேறு யாரும் இல்லை.

பெயர் எழுதும் இடத்தில் நிதானம் வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டுமே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து போயின. நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும். எந்த ஆவணத்தை இணைக்கிறார்களோ அதில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதும் கட்டத்தையும் அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். நீங்களாக எழுதினால் ‘கோகிலவாணி’ ‘கோகிலாவாணி’ ஆகிவிடும், பிறகு அதற்கு ஒரு படிவம் 8.

காலேஜ் பிள்ளைகள் விஷயம் சுலபம். முன்பு ஜனவரி 1 அன்று பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்ற ஒரே தேதிதான் இருந்தது. 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். பதினேழு முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டலில் இருப்பவர்கள் வீட்டு முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ பதியலாம். ஹாஸ்டல் என்றால் கல்லூரித் தலைவரின் சான்று வேண்டும்.

கட்சிக்காரர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்கினீர்கள். கட்சிக் கொடி, கரை வேட்டி, வேட்பாளர் பேச்சு எதுவும் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியம், யாருடைய ஆதார் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், மொபைலில் படமும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் கதவைத் திறக்கத் தயங்குவது இதற்குத்தான், அந்தத் தயக்கம் நியாயமானது. ஆதார் எண் தருவது கட்டாயமில்லை என்று ஆணையமே 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. தர விருப்பமில்லாதவர் வேறு சான்று காட்டட்டும். இணையத்தில் பதியும்போது யாருடைய மனுவிலும் உங்கள் மொபைல் எண்ணைப் போடாதீர்கள். பின்னால் வரும் தகவல்கள் எல்லாம் உரியவருக்குப் போகாமல் உங்களிடம் தேங்கிவிடும். படிவம் 7 பக்கமே போகாதீர்கள். அது நீக்கத்துக்கான படிவம், இறந்தவர் பெயரை அந்தக் குடும்பத்தாரே எடுக்கட்டும்.

அப்புறம் தொடர்ந்து பார்க்கும் வேலை. மனு பதிவானதும் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். ஒரு நோட்டில் பெயர், வீட்டு எண், குறிப்பு எண், கொடுத்த தேதி, இவ்வளவு மட்டும் அவர்கள் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மனு வந்ததை அலுவலகத்தில் அறிவிப்பாக வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விடுவார்கள். பி.எல்.ஓ. வீட்டுக்கு வருவார். வேலைக்குப் போகிற வீடுகள் பூட்டிக் கிடக்கும், அங்கேதான் நீங்கள் தேவை. “இன்னிக்கு வர்றாங்க, சாயங்காலம் வரச் சொல்லட்டுமா?” என்று ஒரு போன் போட்டால் போதும். இரண்டு வாரம் கழித்து எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். விசாரணைக்கு அழைத்தால் ஆவணத்தோடு கூடப் போங்கள். நிராகரித்துவிட்டால், உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்தால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. ஏழு நாள் அறிவிப்பும் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாளாவது முன்னால் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற காலத்தில் வருடம் முழுக்கக் கொடுக்கலாம். வாடகை வீடுகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே தெருவுக்குப் புதிதாக யாராவது குடி வந்தால், அந்த வாரமே போய்ப் படிவம் 8 பற்றிச் சொல்லிவிடுங்கள்.