எஸ்க்யூலைட்டில் காலைப் பதிவுகள் முந்தைய நாளில் விழுவது ஏன்?

வணக்கம் நண்பரே. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரே தேதியில் காலை 9 மணிப் பதிவும் மாலை 3 மணிப் பதிவும் வேறு வேறு நாளாகப் பிரிகின்றன என்கிறீர்கள். உங்கள் தரவில் பிழை இல்லை, ஜூலியன் நாள் எண், அதாவது நாட்களை மாதம், ஆண்டு என்று பிரிக்காமல் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கு, அப்படித்தான் எண்ணப்படுகிறது.

அந்த எண் மாறுவது நள்ளிரவில் அல்ல, நண்பகலில். வானியலாளர்களுக்காக உருவான முறை இது. ஐரோப்பாவில் ஓர் இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக் குறித்தாலும் நாள் எண் நடுவில் மாறாது.

2000 ஜனவரி 1 நள்ளிரவுக்கு எஸ்க்யூலைட் தருவது 2451544.5. காலை 9 மணிக்கு 2451544.875, மாலை 3 மணிக்கு 2451545.125. நீங்கள் தசமத்தை வெட்டி முழு எண்ணாக்கியதும் முதலாவது 2451544 ஆகிறது, அடுத்தது 2451545. வெட்டுவதற்கு முன் 0.5 கூட்டுங்கள், சரியாகிவிடும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸில் தேதியை ஜூலியன் நாளாகக் காட்டும் 'ஜே' வடிவமும் நள்ளிரவிலிருந்தே எண்ணி 2451545 என்றுதான் தரும், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், நேரங்கள் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கப்பட்டிருந்தால் முதலில் ஐந்தரை மணி நேரம் கூட்டி இந்திய நேரமாக்குங்கள், பிறகு 0.5.

இந்தக் கூட்டல்கள் எதுவும் செய்யாத யூடிசி ஜூலியன் எண்ணை யூனிக்ஸ் நேரமாக்க (1970 ஜனவரி 1 முதல் எண்ணும் விநாடிகள்), 2440587.5-ஐக் கழித்து 86400-ஆல் பெருக்கலாம். ஆனால் சேமிப்பதற்கு ஜூலியன் தசம எண் வேண்டாம் என்பேன். இவ்வளவு பெரிய எண்ணில் இரட்டைத் துல்லியம் (கணினி தசம எண்களை வைக்கும் 64 பிட் முறை) சுமார் 40 மைக்ரோ விநாடியோடு நின்றுவிடும். நேரத்தைச் சமமா என்று ஒப்பிடும்போது அது படுத்தும். முழு எண் விநாடிகளாகவே வையுங்கள்.